மாதா காலடி நிலா

ஹெர்பர்ட் வீட்டுக்கு வந்தவர்கள் இரண்டிலிருந்து தப்ப முடியாது. ஒன்று, ஜூடித் கொண்டுவந்து வைக்கும் காபி. மற்றது, ஹெர்பர்ட் சொல்லும் ஆஸ்திரேலியாக் கதை. காபியையாவது சர்க்கரை வியாதி என்று சொல்லித் தட்டிக்கழிக்கலாம். கதைக்கு எந்த வியாதியும் கைகொடுக்காது.

கதை இதுதான். ஹெர்பர்ட்டின் கொள்ளுத்தாத்தா சவரிமுத்து, பெங்களூர் கன்டோன்மென்டில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர். அந்தக் காலத்தில் பட்டாளத்துக் குதிரைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கும். அப்படி வந்த ஒரு குதிரை வியாபாரி, சவரிமுத்துவின் கைராசியைப் பார்த்து அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே உள்நாட்டில், ஒரு பெரிய பண்ணையில், சவரிமுத்து சில வருஷம் இருந்தார். அந்தப் பக்கத்துப் பூர்வகுடி ராஜாவின் குதிரைக்கு ஒருநாள் வயிற்று உப்புசம் வந்து சாகக் கிடந்தது. சவரிமுத்து கைவைத்தியம் பார்த்துப் பிழைக்கவைத்தார். ராஜா மனம் குளிர்ந்து, தன் கழுத்தில் கிடந்த பித்தளைத் தகட்டைக் கழற்றி இவர் கழுத்தில் மாட்டினார். இந்த இடத்தில் ஹெர்பர்ட் எழுந்து நின்று, எதிரில் உட்கார்ந்திருப்பவர் கழுத்தில் இல்லாத தகட்டை மாட்டிக் காட்டுவார். பப்ளிக் செக்டார் ஃபேக்டரியில் முப்பது வருஷம் வாயைத் திறக்காமல் வேலை பார்த்த மனுஷன், ரிடையர் ஆனபிறகு அதற்கெல்லாம் சேர்த்துப் பேசினார்.

தகடு என்னவோ பொய்யில்லை. சிவாஜிநகர் மாதா கோயிலுக்குப் பின்னாலிருக்கும் சந்தில், அவர்கள் வீட்டு ஹாலில், மாதா சுரூபத்தின் காலடியில் அது இருந்தது. பிறை வடிவம், ஒரு சாண் அகலம். படங்களில் மாதா பிறைநிலாவின் மேல்தானே நிற்கிறாள்? அதனால் அந்த வீட்டில் அதற்கு நிலா என்றே பேர். வருஷா வருஷம் செப்டம்பர் திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்கு முன் வீட்டிலுள்ள பித்தளை எல்லாம் கீழே இறங்கும். மெழுகுவர்த்தித் தண்டு, சிலுவையில் பாடுபட்ட சுரூபம், நிலா. எல்லாவற்றையும் ஊறவைத்த புளி போட்டுத் தேய்ப்பது வீட்டுக்கு வந்த மருமகளின் வேலை. ஜூடித் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து தேய்க்கிறாள். அவளுக்கு முன்னால் மாமியார், அவருக்கு முன்னால் அவருடைய மாமியார்.

போன வருஷத் திருவிழாவின்போது, மெல்போர்னில் இருக்கும் ஹெர்பர்ட்டின் தம்பி மகன் டெரிக், லீவில் வந்திருந்தான். மாதாவைப் போட்டோ எடுத்து, எங்கள் வீட்டில் ஒரு ஆஸ்திரேலிய நிலா இருக்கிறது என்று, சவரிமுத்து இருந்த பண்ணையின் பேரோடு ஃபேஸ்புக்கில் போட்டான். அதைப் பார்த்துவிட்டு அந்தப் பண்ணைப் பக்கத்துப் பூர்வகுடிப் பெண்மணி ஒருவர் அவனுக்கு எழுதினார். பேர் டோரீன். அந்தத் தகட்டை நேரில் பார்க்க வேண்டுமாம், பெங்களூருக்கே வருகிறாராம்.

ஹெர்பர்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. "ராஜாவோட வம்சம் நம்ம வீட்டுக்கு வருது," என்று போனில் சொந்தக்காரர்களிடம் ஒருத்தர் விடாமல் சொல்லியாகிவிட்டது.

டோரீன் வருகிற நாளும் கொடியேற்ற வாரத்தில்தான் அமைந்தது. ஜூடித் முதல்நாளே நிலாவை எடுத்துவைத்து, வழக்கத்தைவிட ஒரு கை அதிகமாகவே புளியைப் போட்டுத் தேய்த்தாள். இடதுபக்க முனையில் ஒரு கறுப்புத் தடம் எப்போதும் போக்குக்காட்டிக்கொண்டே இருக்கும். இந்தத் தடவை விடவில்லை. தூர தேசத்திலிருந்து வருகிறவள், நம்மைப் பற்றி என்ன நினைப்பாள்? தகடு முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது.

வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கிய பெண்ணைப் பார்த்ததும் ஜூடித்துக்கு, யாரோ ஸ்ரீராம்புரத்துச் சொந்தக்காரர் என்றுதான் முதலில் தோன்றியது. அறுபதைத் தாண்டியவர். கறுத்து, பருத்து, நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். ஆட்டோக்காரர் வழிநெடுக அவரிடம் தமிழிலேயே நியாயம் கேட்டுக்கொண்டு வந்தாராம். மெட்ரோ வேலையைத் திட்டினாரா கவர்மென்டைத் திட்டினாரா என்பது மட்டும் தெரியவில்லை என்று சொல்லிச் சிரித்தார் டோரீன். ஜூடித்துக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுத்த ஜூடித்துக்கு அது பிரச்சினை இல்லை. ஹெர்பர்ட்டும் சமாளிப்பார்.

"தொடலாமா?" என்று மாதாவின் முன்னால் நின்று கேட்டார் டோரீன்.

ஜூடித் நிலாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். டோரீன் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சத்துக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

"இதுல எழுத்து இருந்திருக்கணும்," என்றார். "வெள்ளைக்காரங்க எங்க பெரியவங்கள்ல ஒருத்தரைப் பொறுக்கி, நீதான் ராஜான்னு சொல்லி இந்த மாதிரி தகட்டைக் கழுத்துல மாட்டிவிடுவாங்க. பேரையும் ஊரையும் வெட்டி வெச்சிருப்பாங்க. எங்கள்ல ராஜான்னு யாரும் கிடையாது. ஆனா அந்தப் பேரும் ஊரும் இருந்தா எனக்குப் போதும்னு வந்தேன்."

ஜூடித் அடுப்படிக்குப் போய், கிண்ணத்தில் மிச்சமிருந்த புளியை எடுத்துவந்து காட்டினாள். "இதைப் போட்டுத்தான் தேய்ப்போம். வருஷா வருஷம். நேத்து நானே தேய்ச்சேன். இந்த முனையில ஏதோ கறைன்னு நினைச்சு..." அந்தக் கறுப்புத் தடம் ஒரு எழுத்தின் அடிப்பள்ளமாக இருந்திருக்கும் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. நூறு வருஷத்துக்கு மேல் மருமகள் மாற்றி மருமகள் பக்தியோடு ஒரு மனுஷனின் பேரைத் தேய்த்து அழித்திருக்கிறார்கள். கடைசி எழுத்து இவள் பங்கு.

டோரீன் தகட்டை மாதா காலடியில் வைத்துவிட்டு, புளியை முகர்ந்து பார்த்தார். "சாமி காலடியில வெச்சுச் சுத்தமாப் பாத்துக்கிட்டீங்க," என்றார். "மியூசியத்துல இருந்திருந்தா எழுத்து இருந்திருக்கும். ஆனா அலமாரிக்குள்ள இருட்டுல கிடந்திருக்கும்." ஆறுதலுக்குத்தான் சொன்னார். அது ஜூடித்துக்கும் தெரிந்தது.

காபி வந்தபிறகு டோரீன் தான் வந்த காரணத்தைச் சொன்னார். அவர் ஊரில் ஒரு ஆற்று வளைவு இருக்கிறது. அங்கே அவருடைய ஆட்கள் ஒரு கும்பலாகத் தங்கியிருந்தபோது, பண்ணைக்காரர்கள் குதிரையில் வந்து சுட்டுக் கொன்றார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவருவது. நாலு வருஷம் நடையாய் நடந்து, அங்கே ஒரு நினைவுப் பலகை வைக்கச் செய்தார்கள். இப்போது ஒரு பேராசிரியர், அப்படி ஒரு சம்பவமே நடக்கவில்லை, எழுத்தில் ஒரு ஆதாரமும் இல்லை என்று கட்டுரை எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் ஊர்க் கவுன்சில் கூடுகிறது. பலகையில் 'கொல்லப்பட்டார்கள்' என்பதை எடுத்துவிட்டு, 'இங்கிருந்து இடம்பெயர்ந்தார்கள்' என்று போடப்போகிறார்கள்.

"சுட்டவன் எழுதி வெச்சிட்டா போவான்?" என்றார் ஹெர்பர்ட்.

"அதையேதான் நானும் கேட்டேன். அந்தப் பேராசிரியர் ஒரு விஷயத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டார். குதிரையில வந்தவங்கள்ல ஒருத்தர் வெள்ளைக்காரர் இல்லை, தலையில துணி கட்டின இந்தியாக்காரர்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. அந்தக் காலத்துல அந்த ஜில்லாவுலயே இந்தியாக்காரர் எவரும் கிடையாது, இது கட்டுக்கதை, இது கட்டுக்கதைன்னா மத்ததும் கட்டுக்கதைன்னு எழுதிட்டார்."

ஹெர்பர்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜூடித் அவர் முகத்தைப் பார்க்காமல் டம்ளர்களைப் பார்த்தாள்.

"அந்த ஆளைப் பற்றி எங்களுக்கு இன்னொரு விஷயமும் தெரியும்," என்றார் டோரீன். "அதை நான் இப்போ சொல்லமாட்டேன். முன்னாடி ஒரு பெரியவர் எங்க கதைக்குச் சாட்சி சொன்னப்போ, நான்தான் சொல்லிக்கொடுத்தேன்னு அந்தப் பேராசிரியர் எழுதினார். அதிலிருந்து நான் முதல்ல வாயைத் திறக்கறதில்லை. உங்களுக்குத் தெரிஞ்சதை நீங்க சொல்லுங்க. இது எல்லாத்தையும் பதிவு பண்ணும்." போனை எடுத்து, பதிவு பண்ணும் பொத்தானை அழுத்தி, டீப்பாய் மேல் வைத்தார்.

ஹெர்பர்ட்டுக்குக் கதை சொல்லச் சொன்னால் போதாதா? தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். கப்பல் வந்தது, வியாபாரி வந்தார், ராஜா வந்தார், குதிரைக்கு வயிறு உப்பியது. ஆனால் எழுந்து நின்று தகடு மாட்டுகிற இடத்தில் மட்டும் அவர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொல்லி முடித்தார்.

கதை முடிந்ததும் டோரீன் போனை அணைத்தார். "ரொம்ப நன்றி," என்றார். குரலில் உயிரே இல்லை. "உங்க தாத்தா அங்க இருந்தாருங்கறது நல்ல சேதி. ஆனா இதை நான் கவுன்சில்ல போட முடியாது. போட்டா அந்தப் பேராசிரியருக்குத்தான் கொண்டாட்டம். பாத்தீங்களா, ராஜாவே சந்தோஷமா கழற்றிக் கொடுத்திருக்கார், எல்லாரும் சிநேகமாத்தான் இருந்திருக்காங்கன்னு அடுத்த கட்டுரை எழுதிடுவார்."

அவர் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெளியே கோயில் ஒலிபெருக்கியில் நவநாள் ஜெபம் தமிழில் முடிந்து கன்னடத்தில் தொடங்கியிருந்தது.

ஜூடித்துக்கு உள்ளே ஒரு போராட்டம். மாமனார் கிளெமென்ட் படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் அவருக்கு எல்லாம் செய்தவள் அவள். ஒருநாள் அவர் நிலாவைக் காட்டி, அது யாரும் கொடுத்ததில்லை, செத்துக்கிடந்த ஒரு பெரியவர் கழுத்திலிருந்து தாத்தா அறுத்தெடுத்தது என்று சொன்னார். சொல்லிவிட்டு, ஹெர்பர்ட்டுக்குத் தெரிய வேண்டாம்மா, அவன் தாங்கமாட்டான் என்று கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு திருவிழாவிலும் புருஷன் கதை சொல்ல, இவள் எல்லாருக்கும் பிரியாணி பரிமாறிக்கொண்டிருக்கிறாள். இந்த வீட்டில் ஹெர்பர்ட்டுக்குப் பெருமை என்று இருப்பது அந்தத் தாத்தா ஒருவர்தான். அதைப் பிடுங்குவதா? ஆனால் இந்தப் பெண் இப்படியே எழுந்து போய்விட்டால், நேற்றுப் புளி போட்டுத் தேய்த்ததைவிட அது பெரிய பாவம் இல்லையா?

"ஏங்க," என்று தமிழில் ஆரம்பித்தாள். "மாமா என்கிட்ட வேற மாதிரி சொன்னாரு. கோவிச்சிக்காதீங்க. அந்தத் தகடு..."

"தெரியும்," என்றார் ஹெர்பர்ட்.

"என்னா தெரியும்?"

"குடுத்தது இல்லன்னு தெரியும். நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே டாடி சொல்லிட்டாரு. வர்ற பொண்ணுகிட்ட சொல்லாதடா, பயந்துக்கும்னாரு."

கிழவர் இரண்டு பேரையும் தனித்தனியாக மடக்கிப் போட்டிருக்கிறார். வேறு நாளாக இருந்தால் ஜூடித்துக்குச் சிரிப்பு வந்திருக்கும். இப்போது கோபம்தான் வந்தது. "தெரிஞ்சுமா இத்தினி வருஷமா அந்தக் கதைய சொன்னீங்க?"

"திருவிழாவுக்குச் சாப்பிட வந்தவங்ககிட்ட வேற என்னாத்த சொல்றது?" என்றார் ஹெர்பர்ட். "சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் நெசம்னு ஆயிடுச்சு. இப்போ இந்தம்மா முன்னாடி சொல்றப்போ நாக்கு வரல. பாத்தியா, நான் எந்திரிக்கவே இல்ல."

டோரீன் ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஷை புரியாவிட்டாலும் ஏதோ உடைகிறது என்பது புரிந்திருக்கும். கைப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

ஹெர்பர்ட் எழுந்துபோய்த் தகட்டை எடுத்துவந்து டோரீனின் மடியில் வைத்தார். "இது உங்களுது," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "மெஷினைப் போடுங்க. நான் தமிழ்ல சொல்றேன். இதைச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதாது. ஜூடி இங்கிலீஷ்ல சொல்வா."

டோரீன் பொத்தானை அழுத்தினார். ஹெர்பர்ட் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மாடு திருடினவங்களப் பிடிக்கப் போறோம்னுதான் பண்ணை மொதலாளி கூட்டிக்கினு போனானாம். விடியிற நேரம். ஆத்து வளைவுல எல்லாரும் தூங்கிக்கினு இருந்தாங்க. தாத்தா கையில துப்பாக்கி குடுக்கல. குதிரைங்கள பிடிச்சிக்கினு நின்னாரு. வெடிச் சத்தத்துல குதிரை மெரண்டு ஓடாம பாத்துக்கணும், அதான் அவரு வேலை. அந்த வேலைய நல்லா செஞ்சாராம். அவரு வாயாலயே டாடிகிட்ட சொன்னாராம். நல்லா செஞ்சேன்டா, ஒரு குதிரை கூட மெரளலன்னு."

ஜூடித் ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னாள். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாஷை அன்றைக்குக் கனத்தது. 'நல்லா செஞ்சாரு' என்பதைச் சொல்லும்போது குரல் பிசிறியது. மழுப்பாமல் அப்படியே சொன்னாள்.

"எல்லாம் முடிஞ்சப்புறம், அந்தப் பெரியவர் கழுத்துல கெடக்கறத எடுத்துக்கினு வாடான்னு மொதலாளி அனுப்பினான். தாத்தா போயி குனிஞ்சி, தோல் கயித்த கத்தியால அறுத்தாரு. கொண்டாந்து குடுத்தா, மொதலாளி பாத்துட்டு, பித்தளைதானா, நீயே வெச்சிக்கன்னு தூக்கிப் போட்டுட்டான். தாத்தாவால அத வீசவும் முடியல, போட்டுக்கவும் முடியல. ஊருக்கு வந்தப்புறம் மாதா காலடியில வெச்சிட்டாரு."

தகட்டை அறுத்தெடுத்தது மட்டும் ஜூடித்துக்கு முன்பே தெரியும். டோரீன் தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தியிருந்தார். கண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. ஹெர்பர்ட் முடித்துவிட்டார் என்று ஜூடித் நினைத்தாள். அவர் முடிக்கவில்லை.

"இன்னொண்ணு இருக்குது. இத டாடி ஒரே ஒருவாட்டிதான் சொன்னாரு. கயித்த அறுக்கக் குனிஞ்சாரில்ல, அப்போ பக்கத்துல நாணலுக்குள்ள ஒரு சின்னப் பொண்ணு. உயிரோட. மூச்சு விடாம தாத்தாவையே பாத்துக்கினு இருந்துச்சாம்."

ஜூடித் திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். இதை அவளிடம் யாரும் சொன்னதில்லை. சமாளித்துக்கொண்டு மொழிபெயர்த்தாள். டோரீன் தலை தூக்கினார்.

"தாத்தா மூஞ்சத் திருப்பிக்கினு வந்துட்டாரு. அங்க யாருன்னா இருக்காங்களான்னு மொதலாளி கேட்டான். யாருமில்லன்னுட்டாரு. காட்டிக்குடுக்கல. ஆனா தூக்கிக்கினும் வரல. எப்டி வர்றது? செத்தவங்களுக்கு நடுவுல அப்டியே உட்டுட்டு, குதிரையப் பிடிச்சிக்கினு வந்துட்டாரு. அது பசியிலயே செத்துச்சோ, நாய்தான் இழுத்துக்கினு போச்சோ. சாகற வரைக்கும் சாயங்காலம் ஆனா வாசல்ல உக்காந்துக்கினு, அந்தப் புள்ள என்னா ஆச்சோ, அந்தப் புள்ள என்னா ஆச்சோன்னு சொல்லிக்கினே இருப்பாராம். அந்த நேரத்துல வேற எதையும் பத்திப் பேசமாட்டாராம். டாடி அப்போ சின்னப் பையன். அவருக்கு அது பாட்டு மாதிரி மனப்பாடம்."

ஜூடித் சொல்லி முடித்தாள். டோரீன் போனை அணைக்கவில்லை. அதை இன்னும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"நான் சொல்லாம வெச்சிருந்தது இதுதான்," என்றார். "எங்க வீட்டுல அவருக்கு 'முகத்தைத் திருப்பிக்கிட்ட மனுஷன்'னு பேர். அவர் திரும்பிக்கிட்டதால அந்தப் பொண்ணு பிழைச்சா. ராத்திரி முழுக்கத் தண்ணிக்குள்ளயே இருந்துட்டு, மறுநாள் ஆத்தோட நடந்து அவ சித்தி ஆளுங்ககிட்ட போய்ச் சேர்ந்துட்டா. அவதான் எங்க அம்மாவுக்குப் பாட்டி. ரொம்ப வயசு வரைக்கும் இருந்தா. பேரன் பேத்தி எல்லாரையும் அந்த ஆத்துல நீந்தப் பழக்கினது அவதான். எங்க அம்மா உட்பட."

ஹெர்பர்ட் ஜூடித் பக்கம் திரும்பினார். ஆங்கிலம் தெரியாதவளுக்குச் சொல்வதுபோல, ஒவ்வொரு வார்த்தையாக, தமிழில் சொன்னார்.

"ஜூடி, அந்தப் புள்ள பொழச்சிக்கிச்சாம்."

"ஆமாங்க," என்றாள் ஜூடித். "கேட்டேன்."

"பொழச்சிக்கிச்சாம் ஜூடி," என்று மறுபடியும் சொல்லிவிட்டு, ஹெர்பர்ட் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.